டிராக்டர் செய்தவர் கட்டிய சூப்பர் கார்: யார் இந்த லம்போர்கினி?

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிட்டால் எல்லோரும் சமம்தான். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் பக்கம் போகிற பஸ், மன்னார்குடிக்குத் திரும்புகிற வேன், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். சரக்கு ரயில் நகர்கிற வரை ஒன்றும் செய்ய முடியாது. மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற காரே வந்தாலும், அந்த டிராக்டருக்குப் பின்னால் பிரேக்கை மிதித்து நிற்க வேண்டியதுதான்.

அந்த டிராக்டருக்கும் அந்தக் காருக்கும் ஒரே பெயர் என்றால் நம்புவீர்களா? லம்போர்கினி என்ற பெயரில் டிராக்டரும் உண்டு, காரும் உண்டு. இரண்டையும் தொடங்கியவர் ஒரே ஆள். அதிலும் டிராக்டர்தான் மூத்தது. கார் வந்தது 15 வருஷம் கழித்து.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் காளைச் சின்னம் போட்ட காரைப் பார்க்கிற பலருக்கு, அந்தப் பெயருக்குப் பின்னால் திராட்சை விவசாயம் பார்த்த ஒரு குடும்பம் இருந்தது தெரியாது. அந்தக் குடும்பத்துப் பையன் சேற்றிலிருந்து கிளம்பி உலகின் முதல் சூப்பர் கார் என்று சொல்லப்படும் வண்டியைக் கொண்டுவந்தார். 58 வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி மண்ணுக்கே போய்விட்டார்.

நம்ம ஊர் மாதிரியே ஒரு சமவெளி

வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறு மூன்றாகப் பிரிகிற நீடாமங்கலம் பக்கத்து நிலத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மேடு பள்ளம் இல்லாத வயல், வாய்க்கால், வண்டல் மண். இத்தாலியின் வடக்கே போ நதி பாயும் சமவெளியும் ஏறக்குறைய இதே சாயல்தான். அங்கும் நெல் விளைகிறது. திராட்சை, கோதுமை, சோளம் எல்லாம் விளைகிறது.

அங்கே ஃபெராரா மாகாணத்தில், செந்தோ என்ற சிறு நகரத்தை ஒட்டிய ரெனாட்ஸோ கிராமத்தில் 1916 ஏப்ரல் 28-ம் தேதி பிறந்தார் ஃபெருச்சியோ லம்போர்கினி. அப்பா அன்டோனியோ, அம்மா எவலினா இருவரும் திராட்சை விவசாயிகள். மூத்த பையன் என்பதால் நிலத்தைப் பார்த்துக்கொள்வான் என்பதுதான் வீட்டின் எதிர்பார்ப்பு. பையனுக்கோ பயிரைவிட, பயிர் வேலைக்கு வரும் இயந்திரங்கள் மேல்தான் கண். அதற்காக அவரைத் திட்டி உட்கார வைக்காமல், பொலோனா பக்கத்துத் தொழில்நுட்பப் பள்ளிக்குப் படிக்க அனுப்பினார்கள். டெல்டா கிராமங்களில் பாலிடெக்னிக் படிக்கப் போன முதல் தலைமுறைப் பையன்களின் வீடுகளில் நடந்தது போலத்தான்.

1940-ல் இரண்டாம் உலகப் போர் அவரை இழுத்துக்கொண்டது. இத்தாலிய விமானப்படையில் சேர்க்கப்பட்டார். ஆனால் பறக்கிற வேலை இல்லை. இன்று கிரேக்கத்தைச் சேர்ந்த ரோட்ஸ் தீவில், ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் மேற்பார்வை. தீவு என்பதால் ஸ்பேர் பார்ட்ஸ் நினைத்த நேரத்துக்கு வராது. கையில் இருப்பதை வைத்தே வண்டியை ஓட வைக்க வேண்டும். ஒரு லாரியின் உறுப்பை இன்னொரு லாரிக்கு மாட்டி, உடைந்ததை அடித்து நிமிர்த்தி, என்னத்தையாவது செய்து கிளப்பும் வித்தையை அங்கேதான் கற்றார். 1945-ல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போனபோது போர்க் கைதியானார். ஊர் திரும்பியது 1946-ல்.

பெட்ரோலில் கிளம்பி, மலிவு எண்ணெயில் ஓடிய டிராக்டர்

திரும்பி வந்து பியேவே தி செந்தோ என்ற ஊரில் சின்ன ஒர்க்‌ஷாப் போட்டார். அடுத்த வருஷமே பேரிடி. 1947-ல் மகன் டோனினோ பிறந்த பிரசவத்தில் மனைவி கிளேலியா இறந்துபோனார். கையில் பச்சைக்குழந்தை, வெளியே போரில் நொறுங்கிப்போன நாடு.

அந்த நாட்டின் விவசாயிகளுக்கு அவசரமாக டிராக்டர் தேவைப்பட்டது. புதிதாக வாங்கக் காசு இல்லை. இன்னொரு பக்கம், போர் முடிந்ததும் ராணுவம் விட்டுப்போன லாரிகளும் இன்ஜின்களும் மலை மாதிரி குவிந்து கிடந்தன. ஃபெருச்சியோ இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார். பழைய ராணுவ வண்டிகளின் பாகங்களை எடுத்து, மோரிஸ் இன்ஜின் வைத்து ஒரு டிராக்டர் கட்டினார். பெயர் கரியோகா. 1948-ல் லம்போர்கினி டிராக்டர் கம்பெனி பிறந்தது.

அந்த டிராக்டரில் ஒரு சூட்சுமம் இருந்தது. பெட்ரோல் அன்றைக்கு யானை விலை. அதனால் இன்ஜினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடு ஏறியதும் விலை குறைந்த டீசல் எண்ணெய்க்கு மாற்றிக்கொள்ளும்படி ஒரு ஆவியாக்கும் கருவியை அவரே வடிவமைத்துப் பொருத்தினார். டெல்டா விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவிடும் பம்புசெட்டை வாய்க்கால் கரைக்குத் தூக்கிக்கொண்டு போய் இறைத்த தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. அதே கணக்குதான்: கிளம்ப ஒரு எரிபொருள், ஓட இன்னொன்று.

இதை ஹைபிரிட் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வண்டிக்கு இரண்டு சக்தி மூலங்கள் இருந்தால் எது எப்போது உதவும் என்று யோசிக்கிற மூளை, அந்தப் பெயரின் முதல் வண்டியிலேயே இருந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நடுவில் கார் ஆசையும் விடவில்லை. சின்ன ஃபியட் டோப்போலினோ காரைத் தானே மாற்றிக் கட்டி, 1948-ல் மில்லே மிலியா என்ற புகழ்பெற்ற சாலைப் பந்தயத்தில் கலந்துகொண்டார். சுமார் 1,100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, கார் சாலையோர உணவகம் ஒன்றின் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போய் நின்றது. அதோடு பந்தயத்துக்குக் கும்பிடு. பிற்காலத்தில் தன் கார் கம்பெனி பந்தயப் பக்கமே போகக் கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்ததற்கு இந்தச் சுவரும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

கிளட்ச் கதை உண்மையா?

1950-களில் இத்தாலி எழுந்தது, டிராக்டர் விற்பனையும் எழுந்தது. அடுத்து வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்குமான வெப்பமூட்டும் பர்னர்கள் செய்யும் கம்பெனியும் தொடங்கினார். பணம் கொட்டியது. பணக்கார இத்தாலியர் அந்தக் காலத்தில் என்ன வாங்குவாரோ அதையே வாங்கினார்: ஃபெராரி. ஒன்றல்ல, பல.

இனி வருவது உலகமே சொல்லும் கதை. ஃபெராரியின் கிளட்ச் அடிக்கடி தேய்ந்துபோகிறது. ஒர்க்‌ஷாப்புக்கும் வீட்டுக்கும் அலைந்து வெறுத்துப்போன ஃபெருச்சியோ, தன் டிராக்டர் மெக்கானிக்குகளை விட்டே காரைப் பிரிக்கச் சொல்கிறார். பிரித்துப் பார்த்தால், தன் டிராக்டரில் போடும் அதே வகை கிளட்ச். நேராகப் போய் என்ஸோ ஃபெராரியிடம் முறையிடுகிறார். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு ஃபெராரியைப் பற்றி என்ன தெரியும் என்கிற பாணியில் அவமானப்பட்டுத் திரும்புகிறார். அந்தக் கோபத்தில் கார் கம்பெனி பிறக்கிறது.

சினிமா மாதிரி இருக்கிறது இல்லையா? அதனால்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சந்திப்பைப் பற்றிச் சொல்கிறவர்கள் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். அண்ணாமலை படத்துச் சபதம் மாதிரி இதைச் சொல்வது சுவைதான். ஆனால் அவமானம் மட்டுமே ஒருவரை தொழிற்சாலை கட்ட வைக்காது. கிளட்சைப் பிரித்தபோது ஃபெருச்சியோவின் கண்ணில் பட்டது இன்னொன்று: டிராக்டரில் போட்டால் சாதாரண விலை போகும் ஒரு பாகம், சொகுசு காரில் போட்டால் எத்தனை மடங்கு விலைக்குப் போகிறது என்பது. கோபத்தைவிட இந்தக் கணக்குதான் அவரைத் தூண்டியிருக்கும் என்று நம்புவது எளிது. சேற்றுழவுக்கு டிராக்டர் விற்றவருக்கு ஒவ்வொரு லிராவும் எண்ணித்தான் பழக்கம்.

1963-ல் சாந்த்அகாதா போலோனேஸே என்ற ஊரில், வயல்களுக்கு நடுவே கார் தொழிற்சாலை எழுந்தது. ரிஷப ராசிக்காரர் என்பதால் காளைச் சின்னம். (டாரஸ் என்று அவர்கள் சொல்வது நம்ம பஞ்சாங்கக் கணக்கு அல்ல, மேற்கத்தியக் கணக்கு.) ஸ்பெயினில் சண்டைக் காளைகள் வளர்க்கும் மியூரா குடும்பத்தின் பண்ணையைப் பார்த்து வந்ததும் அந்தச் சின்னத்துக்கு உரம் போட்டது.

அந்த வருஷம் டூரின் கார் கண்காட்சியில் முதல் மாதிரியைக் காட்ட வேண்டும். கார் ரெடி, இன்ஜினும் ரெடி. ஆனால் இன்ஜின் காருக்குள் உட்காரவில்லை! வேறு வழியின்றி எடைக்காக பானெட்டுக்குள் தரை ஓடுகளை அடுக்கி, கடைசி வரை மூடியைத் திறக்காமலே கண்காட்சியை ஓட்டினார்கள். அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த 350 ஜிடி காரில் ஓடு இல்லை, நிஜ இன்ஜின் இருந்தது. நல்ல கார். சத்தம் குறைவு, சொகுசு அதிகம், ஃபெருச்சியோ ஆசைப்பட்டது போலவே.

அவர் கேட்காமலே பிறந்த மியூரா

லம்போர்கினியை லம்போர்கினி ஆக்கிய வண்டி, முதலாளியின் யோசனையே இல்லை என்பதுதான் இந்தக் கதையின் அழகான முரண்.

ஜான் பாவ்லோ டல்லாரா, பாவ்லோ ஸ்டான்ஸானி, நியூசிலாந்துக்காரர் பாப் வாலஸ். மூவருமே 30 வயதைத் தொடாத பொறியாளர்கள். முதலாளிக்குப் பந்தயம் பிடிக்காது, இவர்களுக்கோ பந்தயக் கார்தான் கனவு. வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து, சாலையில் ஓட்டக்கூடிய, ஆனால் பந்தயக் காரின் எலும்புக்கூடு கொண்ட ஒரு வண்டியை வரைந்தார்கள். முதலாளி தடுக்கவில்லை. பெரிதாக விற்காது, விளம்பரத்துக்காவது உதவட்டும் என்று விட்டுவிட்டார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம்: சைடு புராஜெக்ட்தான் கடைசியில் கம்பெனியின் முகமாகிவிடும்.

அந்த வண்டியில் அப்படி என்ன புதுசு? அதுவரை பணக்காரர்களின் வேகக் கார்களில் இன்ஜின் முன்னால் இருக்கும். இவர்கள் 12 சிலிண்டர் கொண்ட 3,929 சிசி இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், அதுவும் குறுக்குவாட்டில் படுக்க வைத்தார்கள். பிரிட்டனின் குட்டி மினி காரில் இன்ஜின் குறுக்கே இருக்கும். அந்தத் தந்திரத்தை மூன்று மடங்கு சிலிண்டருக்குச் செய்து பார்த்தார்கள். எடை நடுவில் சேர்வதால் கார் வளைவுகளில் சட்டென்று திரும்பும். மேல்தோலை வரைந்தவர் பெர்டோனே நிறுவனத்தின் மார்செல்லோ கண்டினி, அவருக்கும் அப்போது 27 வயதுதான்.

1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வைத்தபோது கூட்டம் அலைமோதியது. 350 குதிரைத்திறன், மணிக்கு 280 கிலோமீட்டர் என்று கம்பெனி அறிவித்தது. அதுவரை யாரும் சாலைக் காரில் பார்த்திராத உருவம். பெயர் மியூரா, அந்தக் காளைப் பண்ணையின் பெயர். இன்றைக்கு முதல் சூப்பர் கார் எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் காட்டுவது இதைத்தான். 1973 வரை செய்தது மொத்தமே 760 சொச்சம்.

வாங்கியவர்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு யுகமே தெரியும்: பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, ஈரான் மன்னர் ஷா, ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ். டேவிஸ் 1972-ல் நியூயார்க்கில் தன் மியூராவை மோதி இரண்டு கால்களையும் முறித்துக்கொண்டார்.

அழகி, ஆனால் சொன்ன பேச்சுக் கேட்காது. பெட்ரோல் டேங்க் முன்பக்கம் இருந்ததால், எண்ணெய் குறையக் குறைய மூக்கு லேசாகும். அதிவேகத்தில் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டீயரிங் காற்றில் மிதப்பது போல இருக்கும். முதுகுக்குப் பின்னால் இன்ஜின் என்பதால் உள்ளே அனல். பந்தயக் கார்களுக்கான கார்புரேட்டர்களைப் போட்டிருந்ததால், சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் வழிந்து தீப்பிடித்த சம்பவங்களும் உண்டு. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். அதனால் கியரில் தேயும் இரும்புத்துகள் இன்ஜினுக்குள் போகும். கடைசி கட்ட மியூராக்களில்தான் இதைப் பிரித்தார்கள்.

ஆனாலும் ஒரு பெரிய சௌகரியம். திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கார்புரேட்டர், கேபிள், செயின், ஸ்பிரிங். பொறுமையும் கைத்திறனும் உள்ள மெக்கானிக் ஒருவர் ஸ்பானரோடு உட்கார்ந்தால் புரிந்துகொள்ளலாம். உதிரி பாகம் கிடைக்காவிட்டால் கடைசலில் கொடுத்துச் செய்யலாம். ரோட்ஸ் தீவில் ஃபெருச்சியோ செய்த அதே வேலை.

ஸ்கூட்டர் பேட்டரியோடு ஒரு ஹைப்பர் கார்

இப்போது அதே தொழிற்சாலையிலிருந்து வரும் பேரப்பிள்ளையைப் பார்ப்போம். 2023-ல் அறிமுகமான ரெவுல்ட்டோ. இந்தியாவுக்கு அந்த ஆண்டு டிசம்பரில் வந்தபோது ஷோரூம் விலை ரூ.8.89 கோடி.

இன்ஜின் இன்னமும் 12 சிலிண்டர்தான், 6.5 லிட்டர். அதனோடு மூன்று மின் மோட்டார்கள். முன் சக்கரங்களுக்கு இரண்டு, பின்னால் கியர்பாக்ஸோடு ஒன்று. எல்லாம் சேர்ந்து 1,015 குதிரைத்திறன். டெல்டாவில் உழவு ஓட்டும் 45 குதிரைத்திறன் டிராக்டர்கள் இருபத்திரண்டை ஒன்றாகக் கட்டினால் வரும் சக்தி. 0-விலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 2.5 விநாடி. மியூராவுக்கு இதே வேகத்தைத் தொட 6, 7 விநாடி ஆகும்.

சரி, பேட்டரி எவ்வளவு பெரிது? இங்கேதான் ஆச்சரியம். வெறும் 3.8 கிலோவாட் மணி. ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450 எக்ஸ் ஸ்கூட்டரின் பெரிய பேட்டரியும் ஏறக்குறைய இதே அளவுதான்! மின்சாரத்தில் மட்டும் ஓட்டினால் சுமார் 10 கிலோமீட்டர். நீடாமங்கலத்தில் கிளம்பினால் மன்னார்குடி தேரடியைப் பார்ப்பதற்குள் தீர்ந்துவிடும்.

இவ்வளவு விலைக்கு இத்துனூண்டு பேட்டரியா என்று கேட்கத் தோன்றும். இந்த பேட்டரியின் வேலை தூரம் போவது அல்ல. பெட்ரோல் இன்ஜின் முழு பலத்தைக் காட்ட நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் ஏற வேண்டும். அதற்குள் ஒரு தாமதம் இருக்கும். மின் மோட்டாருக்கு அந்தத் தாமதம் கிடையாது. சுவிட்சைத் தட்டினால் அந்த நொடியே முழு இழுவை. அந்த இடைவெளியை மோட்டார் நிரப்புகிறது. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. குடியிருப்புத் தெருவில் சத்தமில்லாமல் நகர்கிறது. ரிவர்ஸ் எடுப்பதுகூட மின் மோட்டார்தான். கியர்பாக்ஸில் ரிவர்ஸ் கியரே இல்லை. ஐரோப்பாவின் புகை விதிகள் இறுகிக்கொண்டே போகும்போது, 12 சிலிண்டரைக் காப்பாற்றிக்கொள்ள இந்த மோட்டார்கள்தான் துணை.

இந்தப் பாதையை முதலில் போட்டது லம்போர்கினி அல்ல. 2013-ஐ ஒட்டி மெக்லாரன் பி1, போர்ஷே 918, லாஃபெராரி என்று மூன்று கார்கள் வந்தன. சூப்பர் என்ற சொல் போதாமல் ஹைப்பர் என்ற சொல் ஒட்டிக்கொண்டது பெரும்பாலும் இவற்றோடுதான்.

கரியோகாவில் இரண்டு எரிபொருள் வைத்தது காசை மிச்சப்படுத்த. ரெவுல்ட்டோவில் இரண்டு சக்தி வைத்தது வேகத்தையும் கூட்டி விதியையும் சமாளிக்க. யோசனை ஒன்றுதான், வயிற்றுப்பாடு வேறு.

எது சொந்தம்?

வேகம், பாதுகாப்பு, ஏசி, நம்பகம் எதை எடுத்தாலும் புதியது ஜெயிக்கும். இதில் விவாதமே வேண்டாம். மழையில் மியூராவை 200-ல் ஓட்டுகிறவருக்கு துணிச்சலோடு நல்ல இன்ஷூரன்ஸும் வேண்டும். ரெவுல்ட்டோவில் கணினி ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகக் கவனித்துக்கொள்ளும்.

ஆனால் வைத்திருப்பது என்று வந்தால் கணக்கு திரும்புகிறது. 60 வருஷப் பழைய மியூராவை இன்றும் முழுதாகப் பிரித்துப் பூட்ட முடியும். லம்போர்கினியே 2015-ல் போலோ ஸ்டோரிகோ என்று தனிப் பிரிவு தொடங்கி, பழைய கார்களுக்குச் சான்றிதழும் உதிரி பாகமும் தருகிறது. நல்ல நிலையில் இருக்கும் மியூராக்கள் ஏலத்தில் பல கோடிகளுக்குப் போகின்றன. ஹைபிரிட் காரில் பேட்டரி வயதாகும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். மாற்ற வேண்டுமென்றால் கம்பெனிதான் தர வேண்டும். கம்ப்யூட்டரைத் திறக்க கம்பெனியின் மென்பொருள் வேண்டும். சாவி உங்கள் பையில், பூட்டு இன்னொருவர் கையில்.

இது கோடீஸ்வரர்களின் கவலை என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய மாசு விதி அமலுக்கு வந்துவிட்டது. அதனால் அந்த இன்ஜின்களிலும் மின்னணுக் கட்டுப்பாடும் சென்சார்களும் ஏறிவிட்டன. புகை குறைந்தது, அது நல்லது. ஆனால் சம்பா நடவு நேரத்தில் சென்சார் மக்கர் செய்தால், பழையபடி உள்ளூர் மெக்கானிக் சுத்தியலோடு வந்து தீர்க்க முடியாது. லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். தண்ணீர் வயலில் காத்திருக்காது.

இந்தியாவில் பழைய கார் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு தகவல். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டி விண்டேஜ் என்று பதிவாகும். எண் பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு வி.ஏ. என்று வரும். பதிவுக் கட்டணம் ரூ.20,000, புதுப்பிக்க ரூ.5,000. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப்போக முடியாது. கடைசி மியூரா 1973-ல் வந்தது என்பதால், இப்போது எல்லா மியூராவும் இந்த வயதைத் தாண்டிவிட்டன.

டிராக்டர் காலை வாரியது

மியூரா உலகப் புகழ் பெற்ற சில வருஷங்களிலேயே கம்பெனி ஆட்டம் கண்டது. வினோதம் என்னவென்றால், அடி விழுந்தது கார் பக்கமிருந்து அல்ல, டிராக்டர் பக்கமிருந்து. பொலிவியா நாட்டுக்கு ஆயிரக்கணக்கில் டிராக்டர் அனுப்பும் பெரிய ஆர்டர் வந்திருந்தது. உற்பத்தியைப் பெருக்கினார்கள். 1971-ல் அங்கே ராணுவப் புரட்சி நடந்து ஆட்சி கவிழ்ந்தது, ஆர்டர் ரத்தானது. செய்த டிராக்டர்கள் முற்றத்தில் நின்றன. அதே நேரம் இத்தாலி முழுக்கத் தொழிலாளர் போராட்டம் சூடாக இருந்த காலம். அறுத்த நெல்லைக் களத்தில் குவித்துவிட்டு, கொள்முதல் நிலையம் திறக்கவில்லை என்று நிற்கிற விவசாயியின் நிலைமை எப்படியோ, அப்படி.

ஃபெருச்சியோ தயங்கவில்லை. டிராக்டர் கம்பெனியை இத்தாலியின் இன்னொரு டிராக்டர் நிறுவனமான சாமேவுக்கு விற்றார். 1972-ல் கார் கம்பெனியின் 51 சதவீதத்தை ஜார்ஜ் ஹென்ரி ரொசெட்டி என்ற சுவிஸ் தொழிலதிபருக்குக் கொடுத்தார், 6 லட்சம் டாலருக்கு. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. பெட்ரோல் குடிக்கும் கார்களை வாங்க ஆளில்லை. மிச்சமிருந்த 49 சதவீதத்தையும் 1974-ல் ரெனே லைமர் என்பவருக்கு விற்றுவிட்டு வெளியே வந்தார்.

தன் பெயரே பொறித்த கம்பெனியில் ஒரு பங்குகூட இல்லாமல் எழுந்து போக எத்தனை பேருக்கு மனசு வரும்? அவருக்கு வந்தது. அதன் பிறகு 1978-ல் அந்தக் கார் கம்பெனி திவாலானது. கை மாறி கை மாறி, கிரைஸ்லர், இந்தோனேசிய முதலீட்டாளர்கள் எல்லாம் வைத்திருந்து, 1998-ல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஆடியிடம் போனது. இன்றைய ரெவுல்ட்டோவுக்குப் பின்னால் இருப்பது ஜெர்மன் பணம்.

மறுபடி திராட்சைத் தோட்டம்

அவர் போனது மத்திய இத்தாலியின் உம்ப்ரியா பகுதியில், டிரசிமேனோ ஏரிக்கரைக்கு. அங்கே வாங்கியிருந்த சுமார் 300 ஹெக்டேர் நிலத்தில், அதாவது ஏறக்குறைய 110 வேலி, திராட்சை போட்டு ஒயின் தயாரித்தார். அந்த ஒயினுக்கு மியூராவின் ரத்தம் என்ற செல்லப்பெயரும் கிடைத்தது. எந்த மகன் நிலத்தைவிட்டு இயந்திரத்தின் பின்னால் போகிறான் என்று அப்பா அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்களோ, அவர் 58 வயதில் அவர்களுடைய பயிருக்கே திரும்பி வந்தார். அதே வயதில் மகள் பத்ரீசியாவும் பிறந்தார்.

ஊரைவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், ரிட்டயர் ஆனதும் நிலத்துக்கு வருவேன் என்று சொல்கிற டெல்டாக்காரர்கள் ஏராளம். வருகிறவர்கள் குறைவு. ஃபெருச்சியோ வந்தார், கடைசி வரை இருந்தார். ஒரு வித்தியாசம் உண்டு: அவர் கையில் பணம் இருந்தது, விளைச்சல் பொய்த்தால் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

1993 பிப்ரவரி 20-ம் தேதி பெருஜியாவில், 76 வயதில் இறந்தார்.  பிரசவத்தில் அம்மாவை இழந்த டோனினோ, பிற்பாடு அப்பாவின் நினைவாக ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். அங்கே மியூராவோடு பழைய டிராக்டர்களும் நிற்கின்றன.

அவர் விற்ற இரண்டு கம்பெனிகளும் இன்று இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. கார்கள் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தோடு. டிராக்டரை வாங்கிய சாமே வளர்ந்து எஸ்.டி.எஃப். என்ற குழுமமாகி, லம்போர்கினி என்ற பெயரிலும் இன்னும் டிராக்டர் விற்கிறது. அந்தக் குழுமத்தின் இந்தியத் தொழிற்சாலை இருப்பது நம்ம ராணிப்பேட்டையில்.